டக் டக் என்றதும் ஆக்ஸிலை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி பதில் பகுதியில், பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், வண்டியைத் திருப்பும்போது முன்பக்கத்தில் டக் டக் என்று சத்தம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் போய்விட்டது, இரண்டு பக்க ஷாஃப்டையும் மாற்றிவிடுங்கள் என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டவர் கொடுத்த விவரத்தை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதுதான் என் வாதம்.

நான் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்தே காலம் தள்ளியவன். எஞ்சின் வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். சஸ்பென்ஷன், பிரேக், ஆக்ஸில் எல்லாம் என் தலையில். இப்போது ஓய்வு. ஆனாலும் "ஒரு சத்தம் வருது, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று யாராவது சாவியை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன சத்தம் என்பதை அல்ல. எப்போது வருகிறது என்பதை. சத்தத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஒருவருக்கு டக் டக், இன்னொருவருக்கு கட கட, மூன்றாமவர் வாயாலேயே வாசித்துக் காட்டுவார். எப்போது என்ற கேள்விக்கு வரும் பதில்தான் நம்பகமானது.

முதலில் இந்தச் சாமான் எதற்கு இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில், கியர் பாக்ஸிலிருந்து ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு ஷாஃப்ட் போகிறது. ஆக்ஸில் என்று சொல்வதும் இதைத்தான். அந்தச் சக்கரம் பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும், ஸ்டியரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் செய்யும். ஷாஃப்டோ இடைவிடாமல் சுழன்று பலத்தைக் கொடுக்க வேண்டும். அதனால் அதன் இரண்டு முனையிலும் மடங்கக்கூடிய ஜாயின்ட் வேண்டும். கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு வைத்த சாதாரண கிராஸ் ஜாயின்டை அங்கே போட முடியாதா என்றால், போடலாம், ஆனால் சுகப்படாது. 30 டிகிரி மடங்கிய நிலையில் கிராஸ் ஜாயின்டின் ஒரு பக்கம் சீராகச் சுழன்றால், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 15 சதவீதம் முந்தும், இரண்டு முறை ஏறக்குறைய அதே அளவு பிந்தும். ஸ்டியரிங்கை ஒடித்தால் கையே உதறும். இதைத் தீர்க்க 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் ஆறு எஃகுக் குண்டுகளை வைத்து ஒரு ஜாயின்ட் செய்தார். எவ்வளவு மடங்கினாலும் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். 1959இல் வந்த மினி கார் அந்த வகை ஜாயின்டைப் பயன்படுத்தியது. அதற்குப் பிறகு முன்சக்கர இழுவை சின்னக் கார்களில் பரவியது. இன்றைக்கும் சக்கரத்தின் பக்கம் இருப்பது பெரும்பாலும் இதே குண்டு ஜாயின்ட்தான். 45 டிகிரிக்குப் பக்கத்தில் மடங்கும். கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது வேறு வகை. பல கார்களில் மூன்று உருளைகள் ஒரு கிண்ணத்துக்குள் நீளவாக்கில் நகரும்படி இருக்கும். அது அவ்வளவு மடங்காது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய இடம் கொடுக்கும்.

சக்கரத்தின் பக்கம் இருப்பது வெளி ஜாயின்ட், கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயின்ட். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு, அவை போடும் சத்தமும் வேறு.

வெளி ஜாயின்ட் தேய்ந்தால், அது அதிகமாக மடங்கியிருக்கும்போதும், அதே நேரத்தில் எஞ்சின் அதை இழுக்கும்போதும்தான் கத்தும். மடிப்பு, இழுவை, இரண்டும் சேர வேண்டும். காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஒரு சுவர் இருந்தால் இன்னும் நல்லது, சத்தம் மோதித் திரும்பி ஜன்னல் வழியாகத் தெளிவாக வரும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில், ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி வட்டம் போடுங்கள். சத்தம் வருகிறதா? வட்டத்தை நிறுத்தாமல் அப்படியே கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடுங்கள். இழுவை போனதும் சத்தமும் போய்விட்டால் ஜாயின்ட் மீது சந்தேகம் வலுக்கிறது. கிளட்சை மிதித்த பிறகும் அதே டக் டக் தொடர்ந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஷாஃப்டை மாற்றச் சொல்வது எனக்குப் பிடிக்காத விஷயம். இதற்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

சத்தத்தின் தாளத்தையும் கவனியுங்கள். சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒன்றரைச் சுற்று. ஜாயின்ட் சத்தம் சக்கரத்தின் சுற்றோடு ஒட்டியே வரும், வேகம் கூடினால் நெருங்கும், குறைந்தால் விலகும். வண்டி நிற்கும் வேகத்துக்கு வந்தும் எஞ்சினோடு சேர்ந்து சத்தம் துடித்தால் அது ஜாயின்ட் இல்லை.

இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் வலது ஜாயின்ட், வலப்பக்கம் என்றால் இடது என்று ஒரு சூத்திரம் பட்டறைகளில் உண்டு. பல நேரம் பலிக்கும். பலிக்காத நேரங்களும் இருப்பதால் அதை வைத்து மட்டும் சாமான் வாங்க அனுப்பாதீர்கள். சத்தம் உலோகத்தின் வழியே பயணம் செய்து எந்தப் பக்கம் என்று காதை ஏமாற்றும். இரண்டு பக்கமும் வட்டம் போட்டுப் பாருங்கள், அப்புறம் ரிவர்ஸிலும் போட்டுப் பாருங்கள். முன்னால் போகும்போது வாயே திறக்காத ஜாயின்ட் ரிவர்ஸில் கத்துவதுண்டு. பின்னோக்கிப் போகும்போது ஜாயின்டுக்குள் குண்டுகள் தாங்கள் ஓடும் பள்ளத்தின் மறுபக்கத்தில் அழுந்துவதுதான் காரணம்.

இன்னொன்று, வண்டி நின்றபடியே செய்ய வேண்டிய சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, நகராமல், ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் திருப்புங்கள். அப்போதே டொங் என்றோ கிர்ர் என்றோ சத்தம் வந்தால், ஜாயின்டை விட்டுவிட்டு மேலே பாருங்கள். ஷாஃப்ட் சுழலவே இல்லையே, அது எப்படி டக் டக் என்று அடிக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் ஆனது. ஒரு பட்டறையில் சொன்னார்கள் என்று ஒரு பக்க ஷாஃப்டை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அப்படியானால் மறுபக்கம்தான் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். சத்தம் அதே இடத்தில், அதே மாதிரி. என்னிடம் வண்டி வந்தபோது சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின், ஸ்பிரிங்கில் விரலை லேசாக வைத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றது, பிறகு வெடுக்கென்று துள்ளி விடுபட்டது. விரலுக்கு அந்தத் துள்ளல் தெரிந்த அதே கணம் டொங் சத்தம். அந்தத் தூணை மேல்முனையில் திரும்பவிடும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது, அவ்வளவுதான். கழற்றி வீசப்பட்ட இரண்டு ஷாஃப்டும் என்ன பாவம் செய்தனவோ.

இதைவிடச் சின்னச் சமாச்சாரங்களும் உண்டு. டயர் பட்டைக்குள் சிக்கிய கல், சக்கரச் சுற்றோடு டிக் டிக் என்று ஒழுங்காகத் தாளம் போடும். நேராகப் போகும்போதும் போடும், கிளட்சை மிதித்தாலும் போடும். தளர்ந்த வீல் நட்டும் டக் டக் என்னும், அது ஆபத்தானது, முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். பிரேக் பேடு ஆடினால், பெடலை மெல்லத் தொட்டதும் சத்தம் அடங்கும். முன்னுக்குப் போய் ரிவர்ஸ் போட்டதும், ரிவர்ஸிலிருந்து முன்னுக்குப் போனதும், ஒரே ஒரு டிக் மட்டும் கேட்டால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வரும் கட கடவுக்கு ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று சஸ்பென்ஷன் சாமான்களின் வேறொரு கூட்டமே இருக்கிறது.

உள் ஜாயின்ட் பெரும்பாலும் டக் டக் என்று சொல்லாது. அது நடுங்கும். நேரான சாலையில், ஏற்றத்தில், ஆள் ஏறிய வண்டியில், டாப் கியருக்கு ஒன்று கீழே வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டியின் முன்பக்கம் பக்கவாட்டில் ஆடுவது மாதிரி ஓர் அதிர்வு வரும். காலை எடுத்ததும் மாயமாகிவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி வரும். மூன்று உருளைகள் இருப்பதால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று முறை தள்ளும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 27, 28 தடவை. அதை எண்ண முடியாது, உட்காருமிடத்தில் உணரத்தான் முடியும். பலர் இதை வீல் பேலன்ஸ் என்று நினைத்து, பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் செய்து, டயரையும் மாற்றிப் பார்ப்பார்கள். வீல் பேலன்ஸ் கோளாறு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வரும், ஆக்சிலரேட்டரில் கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். உள் ஜாயின்டோ காலின் பேச்சைக் கேட்கும்.

எஞ்சின் மிஸ் அடித்தாலும் அழுத்தும்போதுதான் குலுக்கும், அதை எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதிர்வு வரும் அதே வேகத்தை வைத்துக்கொண்டு கியரை மட்டும் மாற்றுங்கள். எஞ்சினின் சுழற்சி மாறிவிடும், சக்கரத்தின் சுழற்சி மாறாது. அதிர்வின் வேகம் அப்படியே இருந்தால் சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்று, அதாவது ஷாஃப்ட், ஜாயின்ட், சக்கரம். கியரோடு அதிர்வும் மாறினால் எஞ்சின் பக்கம் போங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு செலவில்லாமல் இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கல். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தளர்ந்து எஞ்சின் ஒரு பக்கம் இறங்கிவிட்டால், உள் ஜாயின்ட் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக மடங்கிய நிலையிலேயே ஓடும். அப்போது தேயாத ஜாயின்ட்கூட நடுங்கும். காலை வைத்ததும் ஒரு டம், எடுத்ததும் ஒரு டம் என்று வந்தால் மவுண்டை முதலில் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டபடி ஒருவர் கிளட்சை மயிரிழை விட்டு எஞ்சினுக்குச் சுமை கொடுக்க, நீங்கள் பானட்டைத் திறந்து எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கலாம். பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே நிற்காதீர்கள்.

வீல் பேரிங்கைப் பற்றி ஒரு வரி போதும். அது ஊ என்று இரையும், வேகத்தோடு ஏறும், வளைவில் எடை ஒரு பக்கம் சாய்ந்ததும் இரைச்சல் கூடும் அல்லது குறையும். ஆக்சிலரேட்டரோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இனி, அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூட வராத விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் பூட். துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஜாயின்டைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் அந்தக் கறுப்பு உறைதான் இந்த விவகாரத்தில் முக்கியப் புள்ளி. இந்த ஜாயின்ட்கள் தானாகத் தேய்ந்து சாவது குறைவு. பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்ச் சாவதுதான் அதிகம். அதனால் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் பூட்டைப் பார்க்கப் பழகிக்கொள்வதுதான் பழைய கார் வைத்திருப்பவருக்கு லாபம். வண்டி அதிகம் ஓடவில்லை என்பது இங்கே சமாதானம் ஆகாது. ரப்பர் வயதாலும் வெடிக்கும். நிழலிலேயே நின்ற வண்டியில், கிலோமீட்டர் கணக்கு மிகக் குறைவாக இருந்தும் பூட் பாளம் பாளமாக வெடித்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பது எளிது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து எஞ்சினை அணைத்துவிடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் மடிப்புகள் ஒரு பக்கம் விரிந்து தெரியும். மேடு நன்றாக இருக்கும், பள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும். முதலில் மெல்லிய சாம்பல் கோடுகளாக வெடிப்பு தெரியும். விரலை உள்ளே விட்டு மடிப்பை விரித்தால் கோடு வாயைப் பிளக்கும். விரல் நுனியில் கறுப்பாக, வழவழப்பாக ஒட்டினால் கிழிசல் முழுதாக ஊடுருவிவிட்டது என்று பொருள். பூட்டே கண்ணில் படாவிட்டாலும் தடயம் கிடைக்கும். சுழலும் ஜாயின்ட் கிரீஸைச் சுற்றிலும் வீசியடிக்கும், அதனால் ரிம்மின் உட்பக்கத்திலும் ஸ்ட்ரட்டின் அடியிலும் பிரேக் காலிப்பரின் முதுகிலும் ஒரு கறுப்புப் பட்டை கோடு போட்ட மாதிரி இருக்கும். அதைத் துடைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சில நேரம் பூட் நன்றாகவே இருக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து அந்த ஓரமாகக் கசியும். உள் பூட்டைக் கீழே இறங்கித்தான் பார்க்க முடியும்.

கிழிந்ததை உடனே கண்டுபிடித்தால், ஜாயின்டைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்து புது பூட் போட்டு இன்னும் பல காலம் ஓட்டலாம். சத்தம் வந்த பிறகு கிரீஸ் வைத்துப் பிரயோசனமில்லை. கொஞ்ச நாளைக்குச் சத்தம் அமுங்கும், ஆனால் தேய்ந்த எஃகை எந்தக் கிரீஸும் வளர்க்காது. வைக்கும் கிரீஸும் அதற்கென்றே உள்ள மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸாக இருக்க வேண்டும். பூட்டோடு வரும் பொட்டலத்தை முழுதும் பயன்படுத்துங்கள், அலமாரியில் இருக்கும் வீல் பேரிங் கிரீஸை அடைக்காதீர்கள். ஷாஃப்டைக் கழற்றாமலே ஒட்டிப் போடும் பிளவு பூட் ஒன்று கிடைக்கிறது. வழியில் மாட்டிக்கொண்டவருக்குச் சரி. ஆனால் அந்த ஒட்டுக் கோட்டில் துளி கிரீஸ் பட்டாலும் பிடிக்காது, அடியில் படுத்துக்கொண்டு அதைச் சுத்தமாக ஒட்டுவதும் லேசில்லை. நான் அதை நம்பி யாருக்கும் போட்டதில்லை.

வண்டியைத் தூக்கிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இது முதல். இரண்டாவது பலர் அறியாதது: தூக்கிய வண்டியில் சக்கரம் தொங்கும். அப்போது ஜாயின்ட் வழக்கத்துக்கு மேல் மடங்கி நிற்கும். அந்த நிலையில் கியரைப் போட்டு ஓடவிட்டால் நல்ல ஜாயின்ட்கூடக் கடகடக்கும். அதைக் காட்டி "பாருங்க சார், போயிடுச்சு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்முக்கு அடியில் முட்டுக் கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகு பேசச் சொல்லுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் பார்ப்பதே மேல். ஒருவர் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஷாஃப்டை வெளி ஜாயின்டுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக் வெடுக்கென்று முறுக்குங்கள். நல்ல ஜாயின்டில் சக்கரத்தை விட்டு ஷாஃப்ட் தனியாக அசையாது. தேய்ந்ததில் ஷாஃப்ட் முதலில் கொஞ்சம் சும்மா நகர்ந்து, டக்கென்று இடிக்கும், அந்த இடியை உள்ளங்கை உணரும். உள் ஜாயின்டைப் பார்க்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். ஷாஃப்ட் நீளவாக்கில் உள்ளே வெளியே போய்வந்தால் அது கோளாறு இல்லை, அதற்காகத்தான் அந்த ஜாயின்டே இருக்கிறது. கியர் பாக்ஸின் பல் சக்கரங்களுக்கு இடையேயும் இயல்பாகவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இந்த இரண்டு ஆட்டத்தையும் காட்டியே எத்தனை நல்ல ஷாஃப்ட்கள் குப்பைக்குப் போயினவோ.

ஜாயின்டைத் திறக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. கெட்ட ஜாயின்டில் கிரீஸ் கறுப்பாக இருக்காது, துருவும் மண்ணும் கலந்து பழுப்புச் சேறாக, விரலில் நறநறவென்று இருக்கும். துடைத்துப் பார்த்தால் குண்டு ஓடும் பள்ளங்கள் தெரியும். பளபளப்பான தடம் மட்டும் இருந்தால் பயமில்லை, அது ஓடிய தடம். நகத்தால் கோடு போட்டுப் பாருங்கள். நகம் இடறும் குழி இருந்தாலோ, தோல் உரிந்த மாதிரி எஃகு பெயர்ந்திருந்தாலோ, சூடேறி நீலம் பாய்ந்திருந்தாலோ, குண்டைப் பிடிக்கும் கூட்டின் ஜன்னலில் குண்டு லொடலொடவென்று ஆடினாலோ, அதோடு அதன் கதை முடிந்தது. அந்த ஒரு ஜாயின்டை அல்லது அந்தப் பக்க ஷாஃப்டை மாற்றலாம். மறுபக்கம் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை, பூட்டை மட்டும் கவனமாகப் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள் என்ற அறிவுரை பிரேக் பேடுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டு வையுங்கள். ஆக்ஸில் நட் புதிதாகப் போட வேண்டிய வகையா? பல வண்டிகளில் அதன் விளிம்பை நசுக்கிப் பூட்டுவார்கள், பழையதையே திரும்பப் போடுவது சரியில்லை. அந்த நட்டுக்கு அந்தந்த வண்டிக்கென்று இறுக்க அளவு உண்டு, கை போன போக்கில் இறுக்கினால் வீல் பேரிங் பலியாகும். ஷாஃப்டை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தரையில் வைத்து வண்டியைத் தள்ளக் கூடாது. பல கார்களில் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த ஷாஃப்டின் முனைதான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள பழைய காராக இருந்தால், சக்கரத்தின் வேகத்தை அறிய வெளி ஜாயின்டின் மேல் பல் வைத்த ஒரு வளையம் இருக்கலாம். புது ஷாஃப்டில் அந்த வளையம் இருக்க வேண்டும், பற்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வளையம் துருவால் வெடித்தால், வண்டி நிற்கப் போகும் கடைசி நேரத்தில் பிரேக் பெடல் காரணமில்லாமல் துடிக்கும். அதையும் பிரேக் கோளாறு என்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

பின்சக்கர இழுவைப் பழைய கார்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி. அங்கே நடுவில் நீளமாகப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் கிராஸ் ஜாயின்ட் இருக்கும். மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று குருவி மாதிரி கேட்டால் ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. அந்த பேரிங் மூடியின் ஓரத்தில் செந்தூரப் பொடி மாதிரித் துரு ஒட்டியிருக்கும். கியர் போட்டு நகரும் கணத்தில் டங் என்றால் தேய்ந்துவிட்டது. புரொப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால், அதிலிருந்து வரும் அதிர்வு சக்கரத்தின் அதிர்வைவிட நெருக்கமான ரீங்காரமாக இருக்கும். கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கிராஸைப் பிடித்திருக்கும் முன், பின் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் ஒரு கிராஸின் முந்தல் பிந்தலை இன்னொன்று ஈடுகட்டும். ஒரு பல் தள்ளிப் போட்டால் புதுச் சாமானோடு புது அதிர்வும் வீட்டுக்கு வரும்.

எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். டக் டக் என்ற பிறகும் வெளி ஜாயின்ட் சில காலம் ஓடும், உண்மைதான். எவ்வளவு காலம் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. நேரான சாலையிலும் சத்தம் கேட்க ஆரம்பித்தால் நீண்ட பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போங்கள். உள்ளே இருக்கும் கூடு உடைந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், சுழற்சியையெல்லாம் எதிர்ப்பில்லாத உடைந்த பக்கத்துக்கே அனுப்பிவிடும், மறுபக்கச் சக்கரம் முழுசாக இருந்தும் சும்மா நிற்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சத்தம் பற்றிக் கேள்வி அனுப்புகிற வாசகர்களிடம் சில விவரங்களைச் சேர்த்து எழுதச் சொல்லி அந்தப் பகுதியின் மேலே ஒரு பெட்டியில் போடுங்கள். திரும்பும்போதா நேராகப் போகும்போதா, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா எடுக்கும்போதா, கிளட்சை மிதித்தால் நிற்கிறதா, வண்டி நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் வருகிறதா, ரிம்மின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா. இவ்வளவும் தெரிந்தால் பதில் எழுதுபவருக்கும் இரண்டு வரி போதும், அந்த இரண்டு வரியை நம்பவும் செய்யலாம். கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் ஷாஃப்டை மாற்றவில்லை என்றால், முதலில் மைதானத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக்

பி.கு.: ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. பார்க்கிங்கில் லிவரைப் போட்டால் பூட்டப்படுவது கியர் பாக்ஸ்தான், சக்கரம் நேரடியாகப் பூட்டப்படுவதில்லை. அந்தப் பூட்டு சக்கரத்துக்கு வந்து சேர்வதே இந்த ஷாஃப்ட்கள் வழியாகத்தான். ஒரு பக்க ஜாயின்ட் உடைந்துவிட்டால் பார்க்கிங்கில் இருந்தும் வண்டி சரிவில் உருளும். முன்சக்கர இழுவைக் கார்களில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தைப் பிடிப்பதால் அது காப்பாற்றும். ஜாயின்ட் சந்தேகத்தில் இருக்கும் வண்டியை ஹேண்ட் பிரேக் இழுக்காமல், சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் சரிவில் நிறுத்தாதீர்கள்.